எண்ணெய், எரிவாயு ஆலைகளின் பாதுகாப்புக் குழுவில் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளைகுடா நாடுகளில் வெயில் தணியும் மாதங்கள் நெருங்கிவிட்டால், வள்ளியூர், திசையன்விளை, நாங்குநேரி, அம்பாசமுத்திரம் பக்கங்களில் பேருந்து நிலையச் சுவர்களிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் 'ஷட்டவுன் வேலைக்கு ஆட்கள் தேவை' என்ற அறிவிப்புகள் வரத் தொடங்கிவிடுகின்றன. ஃபிட்டர், வெல்டர், ரிக்கர் (கனமான பொருளைக் கட்டித் தூக்குகிறவர்), சாரம் கட்டுகிறவர், ஹெல்பர் என்று வரிசையாகப் பட்டியலிட்டு, சம்பளம், ஓவர்டைம், தங்குமிடம், சாப்பாடு எல்லாவற்றையும் அவற்றில் எழுதுகிறார்கள். எந்த ஆலை, எந்த யூனிட், அங்கே என்ன வாயு இருக்கும், பாதுகாப்புப் பயிற்சியை யார் தருவார்கள் என்று எழுதிய அறிவிப்பு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளிலும் எரிவாயு நிலையங்களிலும், உள்நாட்டிலும் வெளிநாட்டிலும், பராமரிப்புப் பிரிவில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இது குறித்துச் சிலவற்றைத் தங்கள் நாளிதழ் வாயிலாக நம் மாவட்டத்து மக்களுக்கும் அதிகாரிகளுக்கும் தெரிவிக்க விரும்புகிறேன்.

ஷட்டவுன் என்பது, இடைவிடாமல் ஓடும் ஒரு யூனிட்டை, அதாவது ஆலையின் ஒரு பிரிவை, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுவதுமாக நிறுத்தி, கலங்களையும் குழாய்களையும் திறந்து, கழுவி, சோதித்து, பழுது பார்த்து மீண்டும் ஓட்டுவது. வழக்கமான நாட்களில் சில நூறு பேர் நடமாடும் இடத்துக்குள் அந்தச் சில வாரங்களில் ஆயிரக்கணக்கானோர் நுழைகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்த ஆலையை அதற்குமுன் பார்த்திராதவர்கள். ஒப்பந்தக்காரர், அவரிடம் துணை ஒப்பந்தம் எடுத்தவர், அவருக்கு ஆள் அனுப்பும் மேஸ்திரி என மூன்று நான்கு படிகளுக்குக் கீழே நிற்பவர்கள். எந்தக் குழாயில் என்ன ஓடியது, எந்த வால்வு முழுதாக அடையாது, எந்தக் கலத்தின் அடியில் கசடு தங்கியிருக்கும் என்பதெல்லாம் ஆலையின் ஆபரேட்டருக்குத் தெரியும். எந்த ஃபிளாஞ்சு, அதாவது குழாய்களை இணைக்கும் தட்டு, இன்று கழற்றப்பட்டது, எந்த போல்ட் இன்னும் முறுக்கப்படவில்லை என்பது ஃபிட்டருக்குத் தெரியும். ஆனால் இந்த இருவருக்கும் சம்பளம் தருவது வெவ்வேறு நிறுவனங்கள். பல நேரங்களில் ஷிஃப்டும் வேறு, மொழியும் வேறு. மடைக்குள் ஒருவன் இறங்கிச் சகதி அள்ளிக்கொண்டிருக்கும்போது அவனிடம் சொல்லாமல் ஷட்டரைத் தூக்கிவிடும் நீர்ப்பாய்ச்சியைத் தாமிரபரணிப் பாசனத்து ஊர்களில் யாரும் சும்மா விடமாட்டார்கள். பல கோடி ரூபாய் ஆலைகளில் ஆண்டுதோறும் ஏறக்குறைய இதுவே நடக்கிறது என்பதைத்தான் நான் சொல்ல வருகிறேன்.

இந்த வேலையில் ஆபத்து கண்ணுக்குத் தெரிவதில்லை. ஹைட்ரஜன் சல்பைடு வாயு சிறிதளவு இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவை எட்டியதும் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போய், 'நாற்றம் போய்விட்டது, உள்ளே இறங்கலாம்' என்று ஆள் நினைத்துக்கொள்வான். அளவு இன்னும் ஏறினால் சில மூச்சுகளில் விழுந்துவிடுவான். கலத்தைச் சுத்தமாக்கச் செலுத்தும் நைட்ரஜனுக்கோ நாற்றமே கிடையாது. அது ஆக்சிஜனை வெளியேற்றிவிடுவதால் உள்ளே எட்டிப் பார்த்தவனும் மயங்கி விழுவது உண்டு. உள்ளே விழுந்தவனைத் தூக்க அவசரமாக இறங்கிய இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் இறப்பது, நம் ஊர்களில் கழிவுநீர்த் தொட்டிச் சாவுகளிலும் பார்ப்பதுதான். கலத்தின் உட்சுவரில் படிந்திருக்கும் இரும்பு சல்பைடு காய்ந்து காற்றுப்பட்டால் தீப்பெட்டியே இல்லாமல் பற்றிக்கொள்ளும் என்பதால் அதை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். இவை எவையும் ரகசியமல்ல. ஆலையின் பாதுகாப்பு அதிகாரிக்கு மனப்பாடமாகத் தெரிந்தவை. மேன்ஹோல் வாசலில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஹெல்பருக்கு அவன் மொழியில் யாரும் சொல்வதில்லை என்பதே குறை.

அறிந்தவர்கள் பலர் இருந்தும் அறிவு ஒன்றுசேராததால் என்ன நேரும் என்பதற்கு 1988 ஜூலை 6 அன்று பிரிட்டனை ஒட்டிய வடகடலில் எரிந்துபோன பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையைவிடத் தெளிவான சான்று இல்லை. அங்கே இருந்த இரண்டு பம்புகளில் ஒன்றின் பாதுகாப்பு வால்வைப் பகல் ஷிஃப்டில் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் கழற்றிச் சோதனைக்கு எடுத்துச் சென்றிருந்தனர். அதன் இடத்தில் ஒரு பிளைண்ட் ஃபிளாஞ்சை, அதாவது குழாய் வாயை அடைக்கும் தகட்டை, தற்காலிகமாகப் பொருத்தியிருந்தனர். அதே பம்பைப் பிரித்துப் பழுது பார்ப்பதற்கும் தனியாக ஒரு பெர்மிட் (வேலைக்கான எழுத்துபூர்வ அனுமதிச் சீட்டு) இருந்தது. அந்த வேலை இன்னும் தொடங்கியிருக்கவில்லை. இரவில் ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது பம்பு நின்றுபோகவே, இரவு ஷிஃப்ட்காரர்கள் பெர்மிட்டைத் தேடினார்கள். முதல் பம்பைப் பழுது பார்ப்பதற்கான பெர்மிட் கிடைத்தது. வால்வின் பெர்மிட் வேறு இடத்தில் இருந்ததால் அவர்கள் கண்ணில் படவில்லை. வேலை தொடங்கவில்லை, ஓட்டலாம் என்று பம்பை ஓட்டினார்கள். கசிந்த வாயு வெடித்தது. அந்த மேடையோடு குழாய்களால் இணைக்கப்பட்டிருந்த பக்கத்து மேடைகள் தீயைக் கண்ணால் கண்ட பிறகும் உடனே உற்பத்தியை நிறுத்தாமல் தொடர்ந்து எண்ணெயை அனுப்பிக்கொண்டிருந்தன. 167 பேர் இறந்தார்கள். மேடையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தக்காரர்களின் ஆட்கள்.

இதற்குப் பிறகு பிரிட்டனில் நடந்தவற்றுள் நம்மவர் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, 1989 ஆம் ஆண்டின் விதிகளின்படி, கடல் மேடையில் வேலை செய்யும் எல்லோரும், யாருடைய சம்பளப் பட்டியலில் இருந்தாலும், பாதுகாப்புப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கவும் தாமே அந்தப் பொறுப்புக்கு நிற்கவும் உரிமை பெற்றார்கள். இந்த விபத்தை விசாரித்த கல்லன் பிரபுவின் அறிக்கை 1990 இல் வெளிவந்தது. அதன் 106 பரிந்துரைகளும் ஏற்கப்பட்டன. இரண்டாவது, 1997 இல் எண்ணெய் நிறுவனங்களும் ஒப்பந்த நிறுவனங்களும் ஒன்றாகச் சேர்ந்து, காயங்களைப் பாதியாகக் குறைப்போம் என்ற இலக்கோடு ஒரு பொது அமைப்பை உண்டாக்கின. சந்தையில் ஒன்றோடொன்று கடுமையாகப் போட்டியிடும் நிறுவனங்கள், தங்கள் ஆலையில் நேர்ந்த விபத்தையும் மயிரிழையில் தப்பிய விபத்தையும் மற்றவர்களுக்கு அறிவிப்பதை அந்த அமைப்பின் வழியாக வழக்கமாக்கிக்கொண்டன. நார்வேயில் 1980 மார்ச் மாதம் அலெக்சாந்தர் ஹீலான் என்ற தங்குமிட மேடை கவிழ்ந்து 123 பேர் மூழ்கினார்கள். அந்த நாட்டில் தொழிலாளர்கள் தேர்ந்தெடுக்கும் பாதுகாப்புப் பிரதிநிதிக்கு, உயிருக்கு உடனடி ஆபத்து என்று கண்டால் வேலையைத் தாமே நிறுத்திவைக்கும் அதிகாரத்தைச் சட்டமே கொடுத்திருக்கிறது. அரசு, முதலாளி, தொழிற்சங்கம் என்ற மூன்று தரப்பும் ஒரே மேசையில் அமர்ந்துதான் அங்கே விதிகளைப் பேசுகின்றன.

அமெரிக்காவில் டெக்சாஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் 2005 மார்ச் 23 அன்று நடந்ததை நம் ஊர் ஷட்டவுன் தொழிலாளர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். நிறுத்தியிருந்த ஒரு யூனிட்டை மறுபடி ஓட்டத் தொடங்கியபோது எண்ணெயைப் பிரிக்கும் கோபுரம் அளவுக்குமேல் நிரம்பி, வழிந்ததன் ஆவி வெடித்தது. இறந்த 15 பேரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அவர்கள் வேறொரு யூனிட்டின் ஷட்டவுன் வேலைக்காக வந்து, பக்கத்தில் நிறுத்தியிருந்த தற்காலிக அலுவலக வண்டிகளில் இருந்தவர்கள். அருகில் ஒரு யூனிட் ஓடத் தொடங்குகிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஜெய்ப்பூரில் 2009 அக்டோபர் 29 அன்று எண்ணெய்க் கிடங்கு எரிந்ததும் ஒரு நிறுவனத்தின் கிடங்கிலிருந்து பக்கத்திலிருந்த இன்னொரு நிறுவனத்தின் கிடங்குக்குப் பெட்ரோலை அனுப்ப ஆயத்தம் செய்யும் வேளையில்தான். ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் கசிந்த பெட்ரோல் ஆவியாகி மேகம்போலப் பரவிப் பற்றிக்கொண்டது. 11 பேர் உயிரிழந்தார்கள், அவர்களில் கிடங்கோடு தொடர்பே இல்லாத வெளியாட்களும் உண்டு. மும்பைக்கு மேற்கே கடலில் உள்ள எண்ணெய் வயலான மும்பை ஹையில் 2005 ஜூலை 27 அன்று, காயமடைந்த ஒரு தொழிலாளியை மாற்றியனுப்ப மேடையை நெருங்கிய உதவிக் கப்பலே மோதியதில் வாயுக் குழாய் உடைந்து 22 பேரைப் பறிகொடுத்தோம். மூன்றிலும் இடம் வேறு, காரணம் வேறு. ஆனால் ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு தனித்தனி நிர்வாகங்களின் எல்லை சந்திக்கும் இடத்தில்தான் உயிர் போயிருக்கிறது.

நம் நாட்டில் சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. போபாலுக்குப் பிறகு 1987 இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 41ஜி பிரிவு, அபாயகரமான ஆலைகளில் நிர்வாகத்துக்கும் தொழிலாளருக்கும் சம எண்ணிக்கையில் இடமுள்ள பாதுகாப்புக் குழுவைக் கட்டாயமாக்கியது. 41ஹெச் பிரிவு, உடனடி ஆபத்து என்று அஞ்சினால் அதை நிர்வாகத்திடமும் ஆய்வாளரிடமும் தெரிவிக்கத் தொழிலாளிக்கு உரிமை தந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இந்த இரண்டும் வேறு எண்களில் தொடர்கின்றன. எண்ணெய்த் துறைக்கென்றே 1986 முதல் எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்குநரகம் இருக்கிறது. பெர்மிட் எப்படி எழுத வேண்டும் என்பதற்கே தனித் தரநிலை வகுத்திருக்கிறது. ஒப்பந்தக்காரரின் வழியாக வந்தவனும் தொழிலாளிதான் என்று பழைய சட்டத்தின் வரையறையே சொன்னது. அப்படியிருந்தும் நான் பார்த்த குழுக்களில் தொழிலாளர் தரப்பு நாற்காலிகளில் அமர்ந்தவர்கள் நிரந்தரப் பணியாளர்கள்தான். அதிக ஆபத்தான வேலையைச் செய்கிறவன் அந்த அறையின் வாசலைக்கூட மிதித்ததில்லை. இதில் நிர்வாகங்களை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது. ஒப்பந்தத் தொழிலாளர்களை உறுப்பினராகச் சேர்க்க மனமில்லாத தொழிற்சங்கங்களுக்கும் இதில் பங்கு உண்டு.

நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். மேற்குக் கடற்கரையில் ஒரு சுத்திகரிப்பு ஆலையின் ஷட்டவுனில், ராதாபுரம் பக்கத்து ஃபிட்டர் ஒருவர் ஒரு கலத்துக்குள் இறங்க மறுத்தார். பெர்மிட்டோடு இணைத்திருந்த பட்டியலில் எத்தனை பிளைண்ட் போடப்பட்டதாக எழுதியிருந்ததோ அத்தனை குழாய் வாய்களில் இல்லை; அவர் சாரத்தில் ஏறி எண்ணிப் பார்த்திருக்கிறார். ஆலையின் அதிகாரி வந்து பார்த்து, அவர் சொன்னது சரியென்று கண்டு, விடுபட்ட பிளைண்டைப் போடச் செய்தார். அதோடு முடிந்திருந்தால் அது பாராட்டத்தக்க கதை. அடுத்த நாள் அந்த ஃபிட்டரின் நுழைவுச் சீட்டைத் துணை ஒப்பந்தக்காரர் வாங்கி வைத்துக்கொண்டு, வேலை தாமதமானதற்கு அவரைக் காரணம் காட்டி ஊருக்கு ரயிலேற்றிவிட்டார். அவரை அனுப்பிவிட்டது ஆலை நிர்வாகத்துக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் 'அது ஒப்பந்தக்காரரின் உள்விவகாரம்' என்றுதான் சொல்லியிருப்பார்கள். அதன்பிறகு அந்த அணியில் யாரும் எதையும் எண்ணிப் பார்க்கவில்லை. ஆபத்தைச் சொன்னவனின் கூலியைக் காப்பாற்றாத எந்த ஏற்பாட்டையும் ஒத்துழைப்பு என்று அழைப்பதில் பொருளில்லை.

இதற்கு நேர்மாறான ஏற்பாட்டையும் வளைகுடாவில் பார்த்திருக்கிறேன். அங்கே ஒரு எரிவாயு நிலையத்தில், கலத்தைத் திறக்கும்முன் ஆபரேட்டரும் ஃபிட்டரும் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு குழாய் நெடுகச் சேர்ந்து நடந்து, ஒவ்வொரு வால்வையும் தொட்டுப் பார்த்தாக வேண்டும். வால்வுகளைப் பூட்டிய சாவிகள் எல்லாம் ஒரு பெட்டிக்குள் போகும். அந்தப் பெட்டியின்மேல் உள்ளே வேலை செய்யும் ஒவ்வொருவரும் தம் சொந்தப் பூட்டைப் போட்டுச் சாவியைத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்கள். கடைசி ஹெல்பர் தன் பூட்டை எடுக்கும்வரை மேலாளரே நினைத்தாலும் அந்த யூனிட்டை ஓட்ட முடியாது. இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. எல்லா வளைகுடா நிறுவனங்களும் இப்படியே என்று யாரும் மயங்கிவிட வேண்டாம்; வேலையிடத்தில் ஒழுங்காக நடத்திவிட்டுத் தங்குமிடத்தில் ஆட்களை அடைத்துவைப்பவர்களும் உண்டு. 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்தபோது இறந்தவர்களில் ஏழு பேர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். கோவில்பட்டிப் பகுதியிலும் ஒரு வீட்டில் அன்று அழுகுரல் கேட்டது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். எண்ணெயும் எரிவாயும் எங்கோ வெளியூர்ச் சங்கதி என்ற நினைப்பு இனிச் செல்லாது. ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடி வரை 143 கிலோமீட்டர் நீளமுள்ள இயற்கை எரிவாயுக் குழாய் 2021 பிப்ரவரி 17 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டுவிட்டது. தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டி எண்ணெய்க் கிடங்குகளும் உர ஆலையும் அனல்மின் நிலையங்களும் இருக்கின்றன. நான்குவழிச் சாலையில் எரிவாயு டேங்கர்கள் இரவும் பகலும் போகின்றன. இவை ஒவ்வொன்றும் தனித்தனியே அவசரகாலத் திட்டம் வைத்திருக்கின்றன. 1996 ஆம் ஆண்டின் ரசாயன விபத்து விதிகளின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் நெருக்கடிக் குழுவும் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை சைரன் ஒலித்து, நுரை பீய்ச்சி, படம் எடுத்து, செய்தி வெளியிடுவதோடு அந்தக் கூட்டுறவு நின்றுவிடுகிறது என்பது என் கணிப்பு. அந்த ஒத்திகையில் ஒப்பந்தத் தொழிலாளர் வரிசையில் நிற்கிறார். திட்டம் வகுக்கும் கூட்டத்தில் அவர் இல்லை.

பெரிய ஆலைகளைவிட எனக்குக் கவலை தருவது சாலையோர வெல்டிங் பட்டறைகள். காலி டேங்கர்தானே என்று அதன்மேல் வெல்டிங் வைக்கும்போது வெடித்தது என்ற செய்தி தமிழ்நாட்டு நாளிதழ்களில் அவ்வப்போது வந்துகொண்டேதான் இருக்கிறது. நிரம்பிய டேங்கரைவிடக் காலி டேங்கர்தான் ஆபத்தானது. பெட்ரோல் ஆவி காற்றில் ஏறக்குறைய ஒன்றரை விழுக்காட்டிலிருந்து ஏழரை விழுக்காடு வரை கலந்திருந்தால் ஒரு பொறியே போதும். காலித் தொட்டியின் அடியில் மிஞ்சிக் கிடக்கும் சிறிதளவு பெட்ரோலே அந்தக் கலவையை உண்டாக்கிவிடும். வாயு நீங்கியது என்று தகுதியுள்ளவர் சோதித்துச் சான்றளிக்காமல் அதில் நெருப்பு வேலை செய்யக்கூடாது என்பது பெட்ரோலிய விதி. ஆனால் பட்டறைக்காரரிடம் வாயு அளக்கும் கருவி இல்லை. அந்த விலைக்கு வாங்கவும் அவரால் முடியாது. எண்ணெய்க் கிடங்கிலோ அந்தக் கருவி அலமாரியில் இருக்கிறது. கிடங்கு நிர்வாகங்கள் ஒன்றுசேர்ந்து, தங்களுக்கு ஓடும் டேங்கர்களைக் குறைந்த கட்டணத்தில் கழுவி, சோதித்து, சான்று தரும் ஒரு பொது இடத்தைத் தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் இடையே அமைத்தால், அபராதங்களால் ஆகாதது அதனால் ஆகும்.

இதே முறையில் இன்னும் சில காரியங்கள் நம் அளவிலேயே செய்யக்கூடியவை. திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களில் எண்ணெய், எரிவாயுவைக் கையாளும் நிறுவனங்கள் அனைத்தும் ஒரு நிலையான கூட்டுக்குழு அமைத்து, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தையும் தீயணைப்புத் துறையையும் அதில் அமர்த்தி, தொழிலாளர் இடங்களில் பாதியை ஒப்பந்தத் தொழிலாளர்கள் தாமே தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஒதுக்க வேண்டும். மயிரிழையில் தப்பிய சம்பவங்களை, பெயரும் ஊரும் நீக்கி, ஒருவர்க்கொருவர் அறிவித்துக்கொள்ள வேண்டும். டெண்டரில் பாதுகாப்புச் செலவைத் தனி வரியாக எழுதி, அதன்மீது விலைப்போட்டி கூடாது என்று விதிக்க வேண்டும். குறைந்த விலைக்கே ஒப்பந்தம் என்கிற முறையில் முதலில் வெட்டுப்படுவது பயிற்சியும் முகமூடியும்தான் என்பதை ஒப்பந்தக்காரர்களே தனிமையில் ஒப்புக்கொள்வார்கள். வேலையை நிறுத்தச் சொன்ன தொழிலாளியை முதன்மை நிறுவனத்தின் எழுத்துபூர்வமான அனுமதியின்றித் திருப்பி அனுப்பக்கூடாது என்ற ஒரு வாசகத்தை ஒப்பந்தத்தில் சேர்த்தாலே ராதாபுரத்து ஃபிட்டருக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேராது. இங்கே வேலைக்கு வந்திருக்கும் பீகார், ஒடிசா இளைஞர்களுக்குக் காலை நேர டூல்பாக்ஸ் பேச்சு (வேலை தொடங்கும்முன் சொல்லும் பாதுகாப்புக் குறிப்புகள்) அவர்கள் மொழியில் இருக்க வேண்டும். நம் பையன்களுக்கு வெளியில் எதைக் கேட்கிறோமோ அதை இங்கே வந்தவர்களுக்கு மறுப்பது முறையல்ல.

வெளியே போகிறவர்களுக்கான பயிற்சி தனிக் கவனம் பெற வேண்டும். குடியேற்றத்துக்கு முன்பு தரப்படும் ஒருநாள் அறிமுகப் பயிற்சியில் பாஸ்போர்ட், சம்பளம், தூதரகம் ஆகியவற்றைச் சொல்லவே பொழுது போய்விடுகிறது. பேட்டை அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில், வளாகத்தின் ஒரு மூலையில், ஒரு பழைய கலத்தையும் நாலைந்து வால்வுகளையும் நிறுத்திவைத்து, பெர்மிட் வாசிப்பது, வாயு அளப்பது, பிளைண்ட் பட்டியலைச் சரிபார்ப்பது, காற்றுக் குடுவையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேன்ஹோலுக்குள் நுழைவது ஆகியவற்றைத் தமிழில் கற்றுத்தர ஒரு வாரம் போதும். பழைய கலத்தை ஏதேனும் ஒரு நிறுவனம் இனாமாகவே தரும். கற்றுத்தர ஆளும் இருக்கிறார்கள். என்னைப்போல ஓய்வுபெற்று வந்து மாலையில் தாமிரபரணிப் படித்துறையில் அரசியல் பேசிக்கொண்டிருக்கிறவர்கள் ஊருக்கு நான்கு பேர் தேறுவார்கள். அயலகத் தமிழர் நல வாரியமும் அரசின் வெளிநாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் அந்தச் சான்றிதழை ஏற்று முன்னுரிமை தந்தால் பிள்ளைகள் தாமே தேடி வருவார்கள்.

இதையெல்லாம் கேட்டு, வேலை தாமதமாகும், செலவு கூடும் என்று சொல்பவர்கள் உண்டு. தாமதமாகும் என்பது உண்மைதான். ஷட்டவுனில் ஒரு நாள் நீண்டால் நிறுவனத்துக்கு எவ்வளவு இழப்பு என்பதை நான் நன்கறிவேன். அந்த நெருக்கடியில் மேலாளர்கள் படும் பாட்டையும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் ஒரு நிறுவனம் மட்டும் இதைச் செய்வதைவிட எல்லா நிறுவனங்களும் சேர்ந்து செய்ய வேண்டும் என்கிறேன். ஒருவர் மட்டும் நிதானித்தால் அவருக்கு நட்டம். எல்லோருக்கும் ஒரே விதி என்றால் யாருக்கும் போட்டியில் பாதகம் இல்லை. நம் தொழிலாளர்களும் தங்கள் பங்கை உணர வேண்டும். கேஸ் டெஸ்ட் செய்தாயிற்றா என்று கேட்பதைக் கோழைத்தனமாகவும், பெல்ட் மாட்டாமல் சாரத்தில் ஏறுவதைத் திறமையாகவும் பேசுகிற வழக்கம் நம்மவர்களிடையே இன்னும் இருக்கிறது.

நிறைவாகத் தங்களிடமும் ஒரு வேண்டுகோள். ஆள்சேர்ப்பு விளம்பரங்கள் தங்கள் நாளிதழிலும் வருகின்றன. ஷட்டவுன் வேலைக்கு ஆள் கேட்கும் விளம்பரத்தில் முதன்மை நிறுவனத்தின் பெயர், ஒப்பந்தக்காரரின் உரிம எண், வேலைக்குமுன் எத்தனை நாள் பாதுகாப்புப் பயிற்சி, அந்த நாட்களுக்குக் கூலி உண்டா இல்லையா என்ற நான்கு விவரங்கள் இல்லாவிட்டால் அதை வாங்க மறுத்துவிடுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற பராமரிப்பு மேற்பார்வையாளர்,
பாளையங்கோட்டை.